மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்

ஓபரான்னு சொன்னா நம்ம எல்லோருக்கும் மனசுல வர்ற படம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெரிய ஹால், சிவப்புத் திரை, கீழே ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா, மேடையில் கண்ணாடி உடையுற உயரத்துல பாடுற ஒரு பெண். அந்த உயரமான பெண் குரலுக்கு சோப்ரானோன்னு பேர். இதுல பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பாடகிகள் மைக் வைத்துக்கொள்வதில்லை என்பது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி வெறும் தொண்டையை வைத்தே கடைசி வரிசை வரைக்கும் குரலைக் கொண்டுபோவார்கள்.

சரி, இதே வேலையை நம்ம ஊர்ப் பக்கம் யாராவது செய்தார்களா? செய்தார்கள். அதுவும் பளிங்கு ஹாலில் இல்லை, ஓலைக் கொட்டகையில். ராத்திரி ஆரம்பித்து விடியும் வரைக்கும். பாட்டும் நடிப்பும் கதையும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இசை நாடகம்தான் நம்முடைய ஓபரா. அதன் மிகப் பெரிய பெண் குரல் கே.பி. சுந்தராம்பாள். திருவிளையாடல் படத்தில் வெள்ளைச் சேலையும் விபூதியுமாக வந்து, கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானம் செய்யும் ஔவையார் பாட்டியை ஞாபகம் இருக்கா? அவரேதான். ஆனா அந்தப் பாட்டிக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. அதில் நம்ம சிதம்பரமும் வருது.

ரயிலில் பாடிய சிறுமி

1908 அக்டோபரில் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தார். இன்றைக்கு அது ஈரோடு மாவட்டம். கே என்றால் கொடுமுடி, பி என்றால் அம்மா பாலாம்பாள். இனிஷியலில் அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயர். அப்பா சீக்கிரமே இல்லாமல் போக, மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர் அந்த அம்மாதான். வறுமைன்னா சாதாரண வறுமை இல்லை. ஈரோடு, கரூர், திருச்சி ரயில் கொடுமுடி வழியாகத்தான் போகும். அந்த ரயிலில் ஏறி, பாட்டுப் பாடி, பயணிகள் கொடுக்கும் சில்லறையை வீட்டுக்குக் கொண்டுவந்த சிறுமி அவர்.

அப்படிப் பாடும்போதுதான் எஃப்.ஜி. நடேச அய்யர் கண்ணில் பட்டார். நடேச அய்யர் திருச்சியில் ரயில்வே அதிகாரி, அதோடு நாடகப் பைத்தியம். அவர் மூலமாக வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குள் நுழைந்தார். முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் ஒரு சின்னப் பிள்ளை வேஷம். பசி தாங்காமல் அம்மாவிடம் சோறு கேட்டுப் பாடும் பிள்ளை. அந்தப் பசியை அவர் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கொட்டகையே அழுதது.

கொட்டகையின் இயற்பியல்

இங்கே கொஞ்சம் நம்ம பாடத்தைத் தொட்டுட்டுப் போவோம். பயப்படாதீங்க, ஒரு பாராதான்.

திறந்த வெளியில் ஒரு ஒலியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதன் அளவு 6 டெசிபல் குறையும். ஐரோப்பாவின் ஓபரா ஹாலில் மரமும் காரைச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பி இந்த நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டும். ஓலைக் கொட்டகையில் அந்த உதவி கிடையாது. கீற்று ஒலியைக் குடித்துவிடும், பக்கவாட்டில் பாதி திறந்திருக்கும். மேடையோரம் ஹார்மோனியம், மிருதங்கம். எதிரே தரையில், பெஞ்சில், நாற்காலியில் நூற்றுக்கணக்கான பேர். சோடா விற்பவர் சத்தம் வேற. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் மிக நன்றாகப் பிடிக்கும். அதனால் கீழ் ஸ்தாயியில் குழைந்து பாடினால் முன் வரிசையோடு முடிந்துவிடும். மேலே ஏறி, கூர்மையாக, எழுத்து சிதையாமல் பாடினால்தான் நாலணா டிக்கெட்காரருக்குக் கேட்கும்.

அதனால்தான் நாடகக்காரர்கள் நாலு, நாலரை, ஐந்து கட்டை சுருதியில் பாடினார்கள். ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய கணக்கில் ஜி. ஆதார ஷட்ஜமமே சுமார் 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜமம் 392. அதற்கும் மேலே பஞ்சமம் வரை போனால் 587 பக்கம். இதை ஒரு பாட்டுக்கு ஒரு தடவை தொட்டால் போதாது. விடிய விடிய அங்கேயே குடியிருக்க வேண்டும். தொண்டை போனால் சம்பளம் போச்சு. மைக் வந்த பிறகு பாடக் கற்றவர்களுக்கும் அதற்கு முன்னால் கற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சுந்தராம்பாள் இரண்டாவது வகையில் கிட்டத்தட்டக் கடைசித் தலைமுறை.

போட் மெயில் போன பாதை

இன்டர்நேஷனல் டூர்னு இன்னைக்கு சொல்றோமே, அன்றைய தமிழ் நாடகத்துக்கு அது பெரும்பாலும் கடல் தாண்டி கொழும்பு. 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. இதுதான் போட் மெயில். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேர் வழியான கார்டு லைன் வருவதற்கு முன்னால், இந்தப் பயணத்தின் பாதை நம்ம மெயின் லைன்தான். திருப்பாதிரிப்புலியூர், கடலூர் முதுநகர், சிதம்பரம், மாயவரம் என்று நாம தினமும் பார்க்கும் ஸ்டேஷன்கள் வழியாகத்தான் ஒரு காலத்தில் சிலோனுக்குப் போனார்கள். வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் மட்டுமில்லை, ஹார்மோனியப் பெட்டியோடு நாடகக்காரர்களும்.

சுந்தராம்பாள் இளம் வயதிலேயே கொழும்பு மேடையில் ஸ்டார். 1926ல் அங்கே எஸ்.ஜி. கிட்டப்பா வந்து சேர்ந்தார். செங்கோட்டைக்காரர், 1906ல் பிறந்தவர், அன்றைய ஆண் குரல்களில் நிகரில்லாதவர். அந்தக் காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு ஊரிலிருந்து நட்சத்திரங்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திக்க வைப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதிராளி எந்த ராகத்தில் எவ்வளவு உயரத்தில் பாடுவார் என்று தெரியாது. அவர் விட்ட இடத்திலிருந்து நீ பிடிக்கணும். வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணும் இடம் அப்படியே ஒரு மேட்ச் மாதிரி. கிட்டப்பா முருகன், சுந்தராம்பாள் வள்ளி. யார் யாரை மிஞ்சப் போகிறார் என்று பார்க்க வந்த கூட்டம், இருவருமே சளைக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுப் போனது.

மேட்ச் காதலானது. 1927ல் மாயவரத்தில் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அவர் பிராமணர், இவர் அப்படியில்லை. இந்த இரண்டும் சேர்ந்து, மேடையில் ஜோடியாக இருந்தவருக்கு வீட்டில் இடமில்லாமல் செய்தன. சேர்ந்து நாடகங்கள் நடத்தினார்கள், இசைத்தட்டுகள் வந்தன, ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது. பிறந்த குழந்தை தங்கவில்லை. இடையில் மனக்கசப்பு. அவர் செங்கோட்டையில், இவர் கொடுமுடியில். அந்தப் பிரிவில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளியே வந்தன. அன்பும் கோபமும் சுயமரியாதையும் கலந்த கடிதங்கள். கெஞ்சுகிற இடத்திலும் தலை குனியாத ஒரு பெண் அவற்றில் தெரிகிறார்.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

இருபத்தைந்து வயதில் ஒரு முடிவு

நம்மைவிட நாலு வயசு பெரியவர், அவ்வளவுதான். அந்த வயசுல அவர் நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. இனிமேல் எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சாகும் வரை, 47 வருஷம், அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னைக்குப் படிக்கிறப்போ நமக்கு இதுல ஒரு நெருடல் வரும். வரணும். ஒரு ஆண் இதே மாதிரி இருந்திருப்பாரா? விதவை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் போட்ட வேலிக்குள்தானே அவரும் போனார்? கேள்வி நியாயம். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் காலத்து விதவையிடம் ஊர் எதிர்பார்த்தது வெள்ளைச் சேலை மட்டுமில்லை. வீட்டுக்குள் ஒடுங்கி, யார் கண்ணிலும் படாமல், குரலே கேட்காமல் இருப்பது. சுந்தராம்பாள் சேலையை ஏற்றுக்கொண்டார், மௌனத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் மறுபடியும் மேடை ஏறினார். வருமானம் அவர் கையில், ஒப்பந்தம் அவர் கையில், எந்த வேஷம் என்பதும் அவர் கையில். ஜோடி வேஷம் வேண்டாம் என்றதால் காதலி, மனைவி என்ற வழக்கமான பெண் பாத்திரங்கள் மொத்தமும் போச்சு. மிச்சம் இருந்தது துறவிகளும் பக்தர்களும்தான். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஒருவர் நம்ம மாவட்டத்துக்காரர்.

ஒரு லட்சம் ரூபாய் நந்தனார்

நந்தனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார். பிறந்த ஊர் ஆதனூர். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இருக்கும் மேலாதனூர்தான் அது என்று சொல்வார்கள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனா அந்தத் தூரத்தை வாழ்நாளெல்லாம் கடக்க முடியாமல் நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. காரணம் சாதி. கடைசியில் தீக்குள் இறங்கி வெளியே வந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது என்கிறது கதை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக ஆக்கினார். புராணத்தில் இல்லாத பண்ணையார் வேதியரைக் கொண்டுவந்து, சாமி பார்க்கப் போக லீவு கேட்கும் கூலியாளின் கதையாக அதை மாற்றினார்.

1930களில் பேசும் படம் வந்துவிட்டது. படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. தட்டிக்கழிக்கத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்வார்கள். தயாரிப்பாளர் ஹசன்தாஸ் அதற்கும் சரி என்றுவிட்டார். இந்தியத் திரையுலகில் அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. மேற்கே அடெலினா பட்டி என்று ஒரு சோப்ரானோ, பாடுவதற்கு முன்பே 5000 டாலரைத் தங்கமாக எண்ணி வைக்கச் சொல்வாராம். அந்த வரிசையில் வைக்க வேண்டிய ஆள் நம்ம கொடுமுடிக்காரர். ரயிலில் காலணாவுக்குப் பாடிய அதே குரல்.

பக்த நந்தனார் 1935ல் வெளிவந்தது. ஒரு பெண் நந்தனாராக, ஆண் வேஷத்தில். வேதியராக நடித்தது கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். அவருக்கு மூவாயிரம் ரூபாய். ஆண் நட்சத்திரத்தைவிடப் பெண் நட்சத்திரத்துக்கு முப்பது மடங்குக்கு மேல் சம்பளம். இன்னைக்கு வரைக்கும் எத்தனை படத்தில் அப்படி நடந்திருக்கு, யோசிங்க.

படத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். ஆனால் படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் இன்று வரை பிரபலம். எருமையும் பனைமரமும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல் அடித்தார். நாடக மேடையின் பழக்கம் கேமராவுக்கு முன்னால் எடுபடவில்லை என்பது உண்மைதான். நூறு அடி தூரத்தில் இருப்பவருக்காகப் பழகிய முகமும் கையும், மூன்று அடியில் இருக்கும் லென்ஸுக்கு அதிகமாகத்தான் தெரியும்.

ஆனா படம் வந்த வருஷத்தைக் கவனிங்க. 1935. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939ல்தான். அதாவது, தியேட்டரில் உட்கார்ந்து நந்தனாருக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், நந்தனாரின் சொந்தங்களுக்குக் கோயில் கதவு திறக்கவில்லை. அழுவதற்கு மக்கள் தயார், திறப்பதற்குத் தயாரில்லை. சிதம்பரத்தில் அப்போது வேறொரு வழியில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். சுவாமி சகஜானந்தர், 1916லேயே ஓமக்குளம் பக்கம் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஒருவர் நந்தனாரின் பெயரில் பாடினார், ஒருவர் நந்தனாரின் பெயரில் பள்ளிக்கூடம் கட்டினார். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் பள்ளிக்கூடம்னுதான் சொல்லுவேன். ஆனால் அந்தப் பெயரைப் படிக்காத ஜனங்களின் காது வரைக்கும் கொண்டுபோனதில் பாட்டுக்கும் பங்கு உண்டு.

எந்தச் சொல்லைப் பாடுவது

அடுத்து மணிமேகலை, 1940. பிறகு 1953ல் ஜெமினி வாசனின் ஔவையார். இந்தப் படத்தோடு அவர் முகமே ஔவையார் முகமாக ஆகிவிட்டது. ஔவையார் எப்படி இருப்பார் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் மனசில் வருவது சுந்தராம்பாள்தான்.

நடுவில் ஒரு பெரிய சண்டை நடந்தது, அது தமிழிசை. கச்சேரி மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான், தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும். 1941ல் நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடுதான் அந்த இயக்கத்துக்கு வேகம் கொடுத்தது. பல்கலையை நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். 1942ல் ஜெமினி மறுபடி எடுத்த நந்தனாரில் நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகர் பிற்பாடு இதே பல்கலையின் இசைத்துறையில்தான் இருந்தார். தமிழில் பாடினால் இசை தரம் குறையுமா என்று பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சுந்தராம்பாளுக்கு அது கேள்வியே இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல் புரியணும். புரியாத மொழியில் எப்படி விடியும் வரை கதை சொல்வது? 1966ல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்தது.

அரசியலில் அவர் காங்கிரஸ். சுதந்திரப் போராட்டக் காலத்தில் கூட்டங்களில் பாடினார். அவர் பாட்டுக்காகவே ஆள் சேரும். 1950களில் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆட்களில் ஒருவர். எம்.ஜி.ஆருக்கெல்லாம் முன்னால்.

1964ல் பூம்புகார். கதை வசனம் கலைஞர் மு. கருணாநிதி. கட்சியும் வேறு, கடவுள் விஷயத்தில் எதிரெதிர் துருவம். சுந்தராம்பாளுக்கு கவுந்தியடிகள் வேஷம். ஒரு பாட்டில், அரசன் அநியாயத் தண்டனை கொடுத்துவிட்டான், தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் பொருளில் ஒரு வரி இருந்தது. இதை என்னால் பாட முடியாது என்று சொல்லிவிட்டார். தெய்வம் எங்கே போனது என்று அவர் வாயால் கேட்க மாட்டார். கலைஞர் வற்புறுத்தவில்லை. தெய்வம் இங்கேயே வந்துவிட்டது என்கிற பொருளில் வரியை மாற்றிக் கொடுத்தார். பாடினார். இரண்டு பேருக்குமே பெருமை சேர்க்கும் சம்பவம் இது. எழுதுகிறவருக்கு ஒரு நம்பிக்கை, பாடுகிறவருக்கு ஒரு நம்பிக்கை, நடுவில் ஒரு நல்ல பாட்டு.

அவர் வாழ்க்கை முழுக்க இதையேதான் பார்க்கிறோம். குரல் கடவுள் கொடுத்தது என்றே அவர் நம்பினார். ஆனால் அதை யாரோடு சேர்ந்து பாடுவது, என்ன விலைக்குப் பாடுவது, எந்தச் சொல்லைப் பாடுவது என்ற மூன்றையும் தானே முடிவு செய்தார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லாத, அப்பா இல்லாத, பின்னால் பெரிய குடும்பம் எதுவும் நிற்காத ஒரு பெண், அதுவும் அந்தக் காலத்தில்.

கடைசிக் காலம்

1965ல் திருவிளையாடல், 1967ல் கந்தன் கருணை, 1969ல் துணைவன். துணைவன் படத்துக்குப் பாடியதற்காக நாட்டிலேயே சிறந்த பாடகிக்கான தேசிய விருது. வயது அறுபது தாண்டியிருந்தது. 1970ல் பத்மஸ்ரீ. 1973ல் காரைக்கால் அம்மையார். சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980ல் மறைந்தார்.

ஒரு சின்ன வேண்டுகோள். திருவிளையாடலில் அவர் பாடும் இடத்தை இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அதற்குள் மைக், ஸ்டுடியோ, ஸ்பீக்கர் எல்லாம் வந்தாச்சு. மெதுவாகப் பாடினாலே போதும், கருவி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அவர் சொற்களை எறியும் விதத்தைக் கவனிங்க. ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெறிக்கும், மேலே போகப் போகக் குரல் மெலியாது, இன்னும் அகலமாகும். கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தருக்கும் கேட்கணும் என்றே அவர் கடைசி வரை பாடிக்கொண்டிருந்தார்.